ஏப்ரல் மாசத் தமிழ் நிகழ்ச்சிக்காரங்களுக்கு: ஒரு காலைப்பொழுத லாப்ரடாருக்குக் குடுங்க

தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி போடுற சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சமூக மன்றத்துல ஓடியாடி வேலை பாக்குற நற்பணிக் குழு ஆளுங்களுக்கும், லீவு நாள்லயும் பிள்ளைங்கள மேய்ச்சுக்கிட்டு வர்ற தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துடுறேன். அடுத்த விழாவுக்கு லிஸ்ட் போடும்போது ஒரே ஒரு நிகழ்ச்சிய மண்டபத்த விட்டு வெளிய எடுத்து சிங்கப்பூர் தென்கரையில இருக்கற லாப்ரடார் பார்க்ல வைங்க. நடைதான், பெருசா ஒன்னுமில்ல. காலைல ரெண்டு மணி நேரம், முப்பது பேரு, கூட ஒருத்தர் தமிழ்ல கதை சொல்லிக்கிட்டே வரணும், அவ்வளவுதான். மேடை வேணாம், பேனர் வேணாம், பொன்னாடை வேணாம், குத்துவிளக்கு அந்தக் கடக்காத்துல எப்படியும் நிக்காது அதனால அதுவும் வேணாம். விஐபிய கூப்பிட்டே ஆகணும்னா கூப்பிடுங்க, ஆனா அவரும் ஷூ மாட்டிக்கிட்டு கூடவே நடந்துதான் வரணும், பேசுறதுக்கு கடைசில அஞ்சு நிமிஷம், நடுவுல நீர்நாய் தலைய தூக்குச்சுன்னா கூட்டம் அந்தப் பக்கம் ஓடிடும், கோச்சுக்கக்கூடாது.

பட்டிமன்றத்துக்கு நான் எதிரி இல்லங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல பட்டிமன்றம்னா வேலைய போட்டுட்டு வந்து உக்காந்து சிரிக்கிற ஆளுதான் நான். ஆனா பிள்ளைங்க நிகழ்ச்சிய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, குறள் ஒப்பிக்கிற போட்டி, எல்லாத்துலயும் மேடைல நிக்கிறது பிள்ளை, எழுதிக் குடுத்தது அம்மா, திருத்துனது டியூஷன் டீச்சர். மூணு நிமிஷம் கணீர்னு முழங்கிட்டு கோப்பைய வாங்கிட்டு கீழ எறங்குன அடுத்த செகண்ட் இங்கிலீஷ். பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அதுக்குன்னு சொல்றதுக்கு அந்த மேடைல எதுவுமே இல்ல, எல்லாம் ஏற்கெனவே அச்சடிச்சு வச்சது. சொல்லியே தீரணும்னு எதாவது கண்ணு முன்னாடி வந்து நின்னாத்தான் வாய் தானா தொறக்கும்.

எங்க புளோக் பிள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போனப்ப நானே பாத்தேன். ஒரு பையன், தொடக்கநிலை 3, தமிழ்ல ஒரு வார்த்தை வர மாட்டேங்குதுன்னு அவங்கம்மா லிஃப்ட்ல பாக்குறப்பல்லாம் பொலம்புவாங்க. பலகைப் பாதைக்குக் கீழ ஒரு உடும்பு, ஒன்றரை மீட்டர் இருக்கும், சேத்துலேர்ந்து அலுங்காம தண்ணிக்குள்ள எறங்குது, நாலு காலையும் உடம்போட ஒட்ட வச்சுக்கிட்டு வால மட்டும் வளைச்சு வளைச்சு நீந்துது. பையன் என் சட்டைய புடிச்சு இழுத்து, அங்கிள் அங்கிள் அது கை யூஸ் பண்ணல, வால்லயே போவுது, நாக்கு பாருங்க நாக்கு ரெண்டா இருக்குன்னு கத்துறான். இலக்கணம் கிலக்கணம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், யாரும் கேக்காம தானா வந்த தமிழ் அது.

சரி, சிங்கப்பூர்ல நடக்க எடமா இல்ல, ஏன் லாப்ரடார்னு கேப்பீங்க. முதல் காரணம் சோம்பேறித்தனம். சர்க்கிள் லைன்ல லாப்ரடார் பார்க் ஸ்டேஷன்ல எறங்குனா பக்கத்துலயே பாதை ஆரம்பிச்சுடுது, கோச்சு பிடிக்க வேணாம், அதுக்கு மூணு கோட்டேஷன் வாங்க வேணாம். சதர்ன் ரிட்ஜஸ்னு மேட்டு மேல போற நடைபாதை அழகுதான், ஆனா அது 10 கிலோமீட்டர், ஏத்தமும் எறக்கமும், பாதி வழியில பாட்டிமாரு உக்காந்துடுவாங்க. இங்க கடலோர நடைன்னு போட்டிருக்கற மொத்த நீளமே 2 கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சின்ன எடத்துக்குள்ளயே சதுப்புக் காடு, கடல், பாறைக் குன்று, பீரங்கி மேடு எல்லாம் அடுத்தடுத்து வந்துடுது. 2002ல இயற்கைக் காப்பகமா அறிவிச்சாங்க, காப்பகம் 10 ஹெக்டேர்தான், ஆனா சிங்கப்பூர்ப் பெருந்தீவுல நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க கிட்டப்போய்ப் பாக்கக்கூடிய கடல் பாறைச் சரிவுன்னு மிஞ்சி இருக்கறது இது ஒன்னுதான்.

ஸ்டேஷன்லேர்ந்து பெர்லாயர் ஓடை ஓரமா போற பலகைப் பாதை 960 மீட்டர். தீவோட தென்பக்கத்துல சதுப்புக் காடுன்னு மிச்சமிருக்கறது ரெண்டே எடம், அதுல இது ஒன்னு. வேகமா நடந்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், பச்சையா இருந்துச்சு கொசு கடிச்சுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. நின்னு பாக்கணும். தண்ணி வத்துன நேரத்துல போனா சேத்துக்குள்ளேர்ந்து பென்சில் பென்சிலா நிமிந்து நிக்கிறது தெரியும், அது செடியில்ல, மரத்தோட மூச்சு வேரு, சேத்துக்குள்ள காத்து இல்லாததால வேர மேல தூக்கி மூச்சு விடுது. அதே மரத்தோட இலைய புடுங்காம அப்படியே கீழ்ப்பக்கம் திருப்பிப் பாத்தா வெயில் நாள்ல உப்புப் பொடி ஒட்டிக்கிட்டு இருக்கும், உறிஞ்சுன கடத்தண்ணியோட உப்ப இலை வழியா வெளிய தள்ளிடுது. கொஞ்ச நேரம் பேசாம நின்னா டக் டக்னு சொடக்கு போடுற சத்தம் கேக்கும், யாரையும் பாக்க முடியாது, அது சேத்துக்குள்ள இருக்கற ஒரு வகை எறால், ஒரு கொடுக்க பட்டுன்னு மூடுறப்ப வர்ற சத்தம்.

அப்புறம் அந்தச் சேத்துல துள்ளுற மீன். பிள்ளைங்களுக்கு இது போதும், வேற ஒன்னும் காட்ட வேணாம். கண்ணு ரெண்டும் தலைக்கு மேல, ரெண்டு பக்கத் துடுப்ப கை மாதிரி ஊனி ஊனி நடக்கும், செவுளுக்குள்ள தண்ணிய அடைச்சு வச்சுக்கிட்டு, ஈரத்தோல் வழியாவும் மூச்சு விட்டுக்கிட்டு கரையில உலாத்தும். ரெண்டு ஆம்பள மீன் நேருக்கு நேர் வந்துச்சுன்னா முதுகுத் துடுப்ப விசிறி மாதிரி விரிச்சுக்கிட்டு முறைக்கும் பாருங்க, தேர்தல் நேரத்து வாட்சாப் குரூப் தோத்துடும்.

நம்மள்ல நெறைய பேரு வீட்டுப் பெரியவங்க தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்க, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு கிட்டக்க வளந்தவங்க. அவங்கள ஒரு தடவை இந்தப் பலகைப் பாதையில கொண்டாந்து நிறுத்துங்க, அப்புறம் கைடே தேவையில்ல. என் மாமியார் நடை ரொம்ப கஷ்டம்னு சொல்லிக்கிட்டே வந்தவங்க, ஓடை ஓரமா மஞ்சப் பூ பூத்து நிக்கிற மரத்தப் பாத்ததும் பூவரசுன்னு நின்னுட்டாங்க. பூவரசு இல்ல அது, அதோட சொந்தக்கார மரம், நீர்ப்பருத்தின்னு சொல்வாங்க, காலைல மஞ்சளா விரிஞ்சு சாயந்தரம் செவந்து உதுந்துடும். கீழ உதுந்து கெடந்த முந்தின நாள் பூவ எடுத்து மேல இருக்கற மஞ்சப் பூவோட ஒப்பிட்டு பேத்திக்குக் காமிச்சுட்டு, ஊர்ல பூவரச இலைய சுருட்டி பீப்பி ஊதுன கதைய ஆரம்பிச்சவங்கதான், ஓடை முடியற வரைக்கும் நிறுத்தல. இந்த மாதிரி ஒரு பேச்ச எந்தப் போட்டில வச்சு வாங்க முடியும் சொல்லுங்க.

ஓடை கடல்ல சேர்ற எடத்துல ரெண்டு பக்கம் போகலாம். ஒரு பக்கம் கடலுக்கு மேலயே போட்ட புக்கிட் செர்மின் பலகைப் பாதை, 330 மீட்டர், கெப்பல் பே பக்கத்து வளைஞ்ச கட்டடங்க தெரியும், போட்டோவுக்கு நல்ல எடம், மத்தபடி அங்க கதை ரொம்ப கம்மி. இன்னொரு பக்கம் லாப்ரடார் கடக்கர. அங்க செவப்பு கலர்ல ஒரு கலங்கரைக் கம்பம் நிக்கும், 1930லேர்ந்து கப்பலுக்கு வழி காட்டுனது. பக்கத்துலயே ஒரு உசரமான பாறை, அது ஒரிஜினல் இல்ல, மாதிரிக்குச் செஞ்சு வச்சது. ஒரிஜினல் பாறை இந்தக் கடல்வழியோட வாசல்ல நின்னுச்சு, பழைய சீனப் பயணிங்க டிராகன் பல் வாசல்னு எழுதி வச்சது இந்த எடத்தத்தான்னு பல பேரு கருதுறாங்க. 1848ல கப்பல் போக அகலம் பத்தலன்னு பிரிட்டிஷ்காரங்க வெடி வச்சுத் தகத்துட்டாங்க. நம்ம ஊர்ல ரோடு அகலப்படுத்த மரம் வெட்டுற வேகத்துல நூத்தாண்டுகளா வழி காட்டுன பாறைய காலி பண்ணியிருக்காங்க, அப்ப யாரும் திறந்த மடல் எழுதல போல.

இங்க நின்னு எதிர்ல பாத்தீங்கன்னா செந்தோசா. ரொம்ப பக்கம். எதிர் முனைல இருக்கறது சிலோசோ கோட்டை, இந்தப் பக்கம் குன்னு மேல லாப்ரடார் கோட்டை, நடுவுல கெப்பல் துறைமுகத்தோட மேற்கு வாசல். வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்துன மாதிரிதான் 19ஆம் நூத்தாண்டுலயே பீரங்கி வச்சாங்க. பிள்ளைங்கள இங்க நிறுத்தி, நீங்க பிரிட்டிஷ் தளபதியா இருந்தா பீரங்கிய எங்க வைப்பீங்கன்னு கேளுங்க. கைய நீட்டிக் காட்டுவாங்க பாருங்க, சரியா அந்த எடத்ததான் காட்டுவாங்க. அப்புறம் மேல ஏறுனா அங்க பீரங்கி மேடை இருக்கும்.

மேல ஏற்றது கொஞ்சம் படி, பெரியவங்கள்ல முடியாதவங்க கீழ கடக்கரையில உக்காந்துக்கலாம், அது சமதரை, வீல்சேர் போகும், பெஞ்சும் நெழலும் இருக்கு. மேல ஏறுறவங்க சத்தம் போடாம ஏறுனா பறவைங்க கெடைக்கும். நல்ல நாளா இருந்தா இருவாச்சி. மூக்கு மேல இன்னொரு மூக்கு வச்ச மாதிரி இருக்கும், கருப்பு வெள்ளை, பறக்குறப்ப றெக்கை சத்தம் தனியா கேக்கும். நூறு வருஷத்துக்கு மேல சிங்கப்பூர்ல குடும்பம் நடத்தாம இருந்து, 1990கள்ல புலாவ் உபின்ல மறுபடி தலை காட்டி, மரப்பொந்து இல்லாத கொறைக்கு ஆளுங்க கூட்டுப்பெட்டி செஞ்சு மாட்டி, இப்ப ஊரெல்லாம் வந்துடுச்சு. பொட்டப்பறவை பொந்துக்குள்ள போயி வாசல சின்ன ஓட்டை மட்டும் விட்டு அடைச்சுக்கும், உள்ள முட்டையோட இருக்கற வரைக்கும் ஆம்பளதான் வெளியிலேர்ந்து பழம் பூச்சின்னு கொண்டாந்து ஊட்டணும். இத சொன்னப்ப எங்க கூட்டத்துல ஒரு அக்கா தன் வீட்டுக்காரர திரும்பி ஒரு பார்வ பாத்தாங்க, அதுக்கு மேல நான் அந்தப் பறவையப் பத்தி ஒன்னும் பேசல. குயிலும் நெறைய உண்டு, அத நான் வெளக்க வேணாம், காலைல அஞ்சு மணிக்கு ஜன்னலுக்கு வெளிய கத்துறப்ப நீங்களும் நம்ம கவிஞர்களத் திட்டியிருப்பீங்க.

மேல பழைய கோட்டைச் சுவரு இருக்கு. அத்தி வகை மரங்களோட வேரு செவுத்து மேல பின்னிப் பின்னி எறங்கி, எது கல்லு எது வேருன்னு பிரிச்சுப் பாக்க முடியாத அளவுக்கு ஆயிடுச்சு. மண்ணுக்குள்ள சுரங்க அறைங்க, வெடிமருந்து வைக்கிற எடங்க, ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியாம கெடந்து 2001ல கண்டுபுடிச்சாங்க. பீரங்கி மேடை வட்டமா சிமென்ட்ல பள்ளமா இருக்கும், இங்க ரெண்டு 6 அங்குல பீரங்கி இருந்துச்சு. ஒரு குண்டோட எடை 45 கிலோ கிட்ட. என்எஸ், அதாவது தேசிய சேவைல பட்டாளப் பயிற்சி முடிச்ச தம்பிங்க யாராச்சும் கூட இருந்தா அவங்களயே விட்டுச் சொல்லச் சொல்லுங்க, இந்த வெயில்ல இந்தப் பள்ளத்துக்குள்ள நின்னு 45 கிலோவ கையால தூக்கித் தூக்கிக் குடுக்குறதுன்னா என்னன்னு அவங்களுக்குத்தான் தெரியும். சிங்கப்பூர்க் கடலோரப் பீரங்கிங்கள்ல வேலை பாத்தது வெள்ளக்காரங்க மட்டும் இல்ல, ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரின்னு ஒரு படை, ஆபீசர்ங்க பிரிட்டிஷ், ஆளுங்க பெரும்பாலும் பஞ்சாப்லேர்ந்து சேத்த சீக்கியர்களும் முஸ்லிம்களும்.

கதை சொல்றவருக்கு இங்க ஒரு வேண்டுகோள். பீரங்கி எல்லாம் தப்பான பக்கம் பாத்துச்சு, அதனாலதான் 1942ல சிங்கப்பூர் ஜப்பான்காரன்கிட்ட விழுந்துச்சுன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சுட்டுப் போயிடாதீங்க. காப்பிக்கடையில சொல்றதுக்கு அது நல்லாருக்கும். உண்மை என்னன்னா பல பீரங்கிங்க நிலத்துப் பக்கமும் திரும்புச்சு, சுட்டுச்சு. எதிர்ல தெரியற சிலோசோ பீரங்கியவே திருப்பி, எண்ணெய் எதிரி கையில சிக்கக்கூடாதுன்னு புக்கோம் தீவுல இருந்த எண்ணெய்த் தொட்டிங்கள சுட்டாங்க. பிரச்சன குண்டுல. சாங்கியில இருந்த 15 அங்குல பீரங்கிகளுக்கு வச்சிருந்தது பெரும்பாலும் கப்பலோட இரும்பத் தொளைக்கிற குண்டு, அது காலாள் படை மேல விழுந்தா மண்ணுக்குள்ள ஆழமா போயி வெடிக்கும், மேல நிக்கிறவனுக்கு பெருசா ஒன்னும் ஆகாது. வர்ற சண்டை கடல் வழியாத்தான் வரும்னு கணக்குப் போட்டு பணத்த கொட்டியாச்சு, ஜப்பான்காரன் மலாயா முழுக்க சைக்கிள மிதிச்சுக்கிட்டு வடக்கேர்ந்து வந்துட்டான்.

இதுவரைக்கும் சொன்னது பாதிதான். உண்மையான சண்டை நடந்தது இங்கேர்ந்து பக்கத்துல, பாசிர் பாஞ்சாங் மேட்டுல. நடக்க தெம்பு இருக்கறவங்கள மட்டும் ஒரு ஸ்டேஷன் தள்ளி பாசிர் பாஞ்சாங்ல எறக்கி மேட்டு ரோட்டுல ஏத்திட்டீங்கன்னா புக்கிட் சாண்டு நினைவகம் வந்துடும், பழைய பங்களா, 2002 பிப்ரவரி 15ல தொறந்தது. அங்கேர்ந்தே மர உச்சிக்கு நடுவுல 280 மீட்டருக்கு ஒரு நடைபாலம் கென்ட் ரிட்ஜ் பார்க்குக்குப் போகுது. காத்தும் பறவைச் சத்தமும் தவிர ஒன்னும் இல்ல, ஆனா 1942 பிப்ரவரி 13, 14ல இந்த மேடு பூரா ரத்தம். மலாய் ரெஜிமென்ட்டோட சி கம்பெனி, லெப்டினன்ட் அட்னான் சைடி தலைமையில, தங்களவிட பல மடங்கு பெரிய படைய தடுத்து நின்னாங்க. குண்டு தீந்ததும் கைகலப்பாவே சண்டை போட்டாங்க. பின்வாங்கலாம்னா நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கு எரிஞ்சு, கால்வாய் பூரா நெருப்பா ஓடுது, அந்தப் பக்கம் போக வழியில்ல. அட்னான் 14ஆம் தேதி கொல்லப்பட்டாரு. அடுத்த நாள் பிரிட்டிஷ் சரணடைஞ்சுட்டாங்க.

அட்னான் கதை நம்ம பிள்ளைங்களுக்கு ஓரளவு தெரியும், பள்ளிக்கூடத்துலயே வரும். அதுக்குள்ள இருக்கற ஒரு சின்ன விஷயத்தத்தான் நீங்க புடிச்சுக்கணும்னு சொல்றேன். அன்னிக்கு ஒரு படை மேட்டுப் பக்கம் வந்துச்சு, தலைப்பாகை, உடுப்பு எல்லாம் பஞ்சாபி சிப்பாய்ங்க மாதிரி. பிரிட்டிஷ் முறையில பழகுன படை மூணு மூணு பேராத்தான் வரிசை கட்டும், இவங்க நாலு நாலு பேரா வர்றாங்க. அட்னான் அதக் கண்டுக்கிட்டாரு, வேஷம் போட்ட ஜப்பான்காரங்கன்னு தெரிஞ்சு சுடச் சொன்னாருன்னு சொல்றாங்க. இதக் கேட்டதும் எல்லாரும் ஆகா என்னா மூளைன்னு அட்னானப் பாராட்டிட்டு அடுத்த பேனலுக்குப் போயிடுவாங்க. எனக்குத் தோணுறது வேற. ஜப்பான்காரன் ஏன் இந்தியச் சிப்பாய் வேஷத்த எடுத்தான்? அந்த மேட்டச் சுத்தி இந்தியச் சிப்பாய் அவ்வளவு பேரு இருந்தாங்க, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதனால. 44ஆவது இந்தியப் பிரிகேடு அதே பகுதியிலதான் நின்னுச்சு. ஆனா அந்தக் கதையில நம்ம பக்கத்து ஆளுங்க வெறும் வேஷமா மட்டும்தான் வர்றாங்க, ஆளா வர்றதில்ல.

பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடல்ல 45,000 இந்தியச் சிப்பாய்ங்கள உக்கார வச்சு, பிரிட்டிஷ் அதிகாரி ஒருத்தர் அவங்கள ஜப்பான்காரங்க கையில ஒப்படைச்சாரு. வெள்ளக்காரச் சிப்பாய்ங்கள தனியா பிரிச்சு சாங்கிக்கு அனுப்பிட்டாங்க. ஃபேரர் பார்க், நம்ம தேக்காவுக்குப் பக்கத்துல, ஞாயித்துக்கெழம சாமான் வாங்கிட்டு பையத் தூக்கிட்டு போற வழி. அங்க உக்காந்திருந்தவங்கள்ல பல பேரு ஜப்பான்காரங்க பக்கம் நின்ன இந்திய தேசிய ராணுவத்துல (ஐஎன்ஏ) சேந்தாங்க, பல பேரு மாட்டேன்னு சொல்லிட்டு சிறைவாசம் அனுபவிச்சாங்க. 1943 ஜூலைல சுபாஷ் சந்திர போஸ் வந்து பாடாங்ல அந்தப் படைய பார்வையிட்ட பிறகு மலாயாத் தோட்டத்துத் தமிழ் ஆளுங்களும் பொண்ணுங்களும்கூட சேந்தாங்க. இன்னொரு பக்கம் அதே தோட்டங்கள்லேர்ந்து ஆயிரக்கணக்குல தமிழ் ஆளுங்கள ஜப்பான்காரங்க சயாம் ரயில் பாதை போடுற வேலைக்கு இழுத்துட்டுப் போயி, போனவங்கள்ல எத்தனையோ பேரு திரும்பவே இல்ல. கிராஞ்சி நினைவகத்துல தகனம் செய்யப்பட்டவங்களுக்குன்னு தனியா ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, ஏறக்குறைய 800 பேரு, பெரும்பாலும் அப்போதைய இந்தியப் படைக்காரங்க. நம்ம சங்கத்துல எத்தனை பேரு அங்க போயிருக்கோம்னு கேட்டா கூட்டத்துல அமைதி ஆயிடும், அதனால கேக்கல.

இதயெல்லாம் பெருமை பேசுறதுக்குன்னு எடுத்துடாதீங்க, அதுதான் என் பயம். மைக்க குடுத்தா ஒருத்தர் எந்திரிச்சு நம்ம வீரம்னு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் ஐஎன்ஏ துரோகியா தியாகியான்னு அங்கயே ஒரு பட்டிமன்றம் வச்சுடுவாரு, தீர்ப்பு சொல்ல நடுவர தேட வேண்டியதாயிடும். ரெண்டும் வேணாம். வயித்துப் பொழப்புக்குப் பட்டாளத்துல சேந்து, பேரு தெரியாத தீவுல கொண்டாந்து எறக்கி, எறக்கி விட்டவனே கைவிட்டதுக்கப்புறம் ஒரு மனுஷன் என்ன முடிவு எடுப்பான்னு அந்த மேட்டுல நின்னு பிள்ளைங்ககிட்ட கேள்வியா மட்டும் விடுங்க. என்எஸ் போகப்போற பசங்க அதுக்குச் சொல்ற பதில நீங்க கேட்டுப் பாக்கணும். கீழ அலெக்சாண்ட்ரா ஆஸ்பத்திரியில பிப்ரவரி 14லயும் அதுக்கு மறுநாளும் நடந்தத, நோயாளிங்களும் டாக்டர்ங்களுமா 200 பேரு கிட்ட ஜப்பான்காரங்க கையில கொல்லப்பட்டத, சின்னப் பிள்ளைங்க இருந்தா சொல்ல வேணாம், பெரியவங்க கூட்டம்னா மறைக்க வேணாம். அந்த ஆஸ்பத்திரிலதான் நம்ம இப்பவும் அப்பாய்ன்ட்மென்ட் வாங்கிட்டு உக்காந்திருக்கோம்.

வயசானவங்களக் கூப்பிடுங்க, கண்டிப்பா. ஜப்பான்காரன் காலத்துல சின்னப் பிள்ளைங்களா இருந்தவங்க இன்னும் சில பேரு நம்ம புளோக்குகள்ல இருக்காங்க. மரவள்ளிக் கிழங்கு தின்னது, ஜப்பான்காரன் அச்சடிச்ச வாழைமர நோட்டுக்கு ஒன்னும் வாங்க முடியாம போனது, விமானச் சத்தம் கேட்டா கால்வாய்க்குள்ள குதிச்சது, எல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. ஸ்டூடியோவுல லைட்டு போட்டு உக்கார வச்சுக் கேட்டா தொண்டை அடைச்சுக்கும். கடக்கரையில ஒரு பெஞ்சுல உக்கார வச்சு, பக்கத்துல பேரப்பிள்ளைய உக்கார வச்சு, கப்பல பாத்துக்கிட்டே பேச விட்டா வந்துடும்.

கொஞ்சம் நடைமுறை. ஏப்ரல்ல மத்தியானத்துக்கு மேல இடியோட மழை கொட்டும், காலைல ஏழு ஏழரைக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சுடுங்க. தேதிய ஆடிட்டோரியம் புக்கிங் பாத்து வைக்கிறத விட்டுட்டு கடல் வத்துற நேரத்தப் பாத்து வைங்க, தண்ணி நெறஞ்சிருந்தா சேத்து மீன் நண்டு ஒன்னும் தெரியாது, பாதிப் பேரு ஏமாந்துடுவாங்க. பலகைப் பாதையில அப்பப்ப ரிப்பேர் வேலை நடக்கும், நினைவகத்துக்கும் தொறக்குற நாள் நேரம் இருக்கு, மொத வாரமே பாத்துக்குங்க. புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வர்ற அண்ணன் ஒவ்வொரு குழுவுலயும் ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்ட முன்னாடியே அன்பா பேசிடுங்க, இளையராஜா எங்கயும் போயிட மாட்டாரு. பிஸ்கட், ரொட்டி, வாழப்பழம்னு எந்த மிருகத்துக்கும் போடக்கூடாது, 2020லேர்ந்து சட்டமே கடுமையாயிடுச்சு, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், புண்ணியம் ரொம்ப காஸ்ட்லி. நீர்நாய் கூட்டம் வந்தா தள்ளி நின்னு பாருங்க, குட்டி இருந்தா இன்னும் தள்ளி. போட்டோ எடுக்குறவங்க கீழ எறங்கி சேத்துல கால் வைக்கக்கூடாது.

இதுக்கு அவசரம் என்னன்னு கேக்கலாம். ஓடைக்குப் பக்கத்துல இருந்த பழைய கெப்பல் கிளப் கோல்ஃப் மைதானத்துல சுமார் 10,000 வீடு வரப்போகுது, அதுல சுமார் 7,000 வீவக, அதாவது அரசாங்க வீடு. வீடு வரட்டும், நம்ம பிள்ளைங்களும் அதுக்கு அப்ளை பண்ணப் போறவங்கதான், நான் ஒன்னும் சொல்லல, இயற்கைப் பூங்கா வளையமும் போடுறதாச் சொல்லியிருக்காங்க. ஆனா கட்டட வேலை நடக்குற வருஷங்கள்ல இப்ப இருக்கற அமைதி இருக்காது, அந்த எறால் சொடக்கு போடுற சத்தமெல்லாம் பைலிங் சத்தத்துல எங்க கேக்கப்போகுது. இப்ப போனா கேக்கலாம்.

செலவுன்னு பாத்தா எம்ஆர்டி கட்டணம், தண்ணி, கதை சொல்றவருக்கு ஒரு சின்ன அன்பளிப்பு. மண்டப வாடகை மிச்சம், அந்தக் காசுல நடை முடிஞ்சதும் எல்லாருக்கும் அலெக்சாண்ட்ரா வில்லேஜ் ஹாக்கர் சென்டர்ல சாப்பாடே வாங்கிக் குடுத்துடலாம். கதை சொல்ல ஆள் கெடைக்கலன்னா தமிழாசிரியர் ஒருத்தரும் என்எஸ் முடிச்ச தம்பி ஒருத்தரும் சேந்து முன்னாடியே ஒரு தடவை நடந்து பாத்துட்டு பண்ணிடலாம். அதுவும் முடியலன்னா நானே வர்றேன், சம்பளம் வேணாம், தேதி மட்டும் ரெண்டு வாரம் முன்னாடி சொல்லுங்க, ஷிஃப்ட் மாத்தணும்.

இப்படிக்கு,
தெலுக் பிளாங்காலேர்ந்து ஒரு நடைக்காரன்